'எழுத்துக் கூட்டிப் படி'ன்னு சொன்னா போதுமா? நீளமான சொற்கள் முன்னால் திணறும் மூன்றாம் வகுப்பு!

விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சொல்லைப் படிக்க உங்களுக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 14 எழுத்துகள். அதில் ஐந்து, தலையில் புள்ளி வைத்தவை. 'அம்மா', 'படம்', 'மரம்' எல்லாம் அழகாகப் படிக்கிற ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இந்த ஒரு சொல்லின் முன்னால் நின்றுவிடும். 'வி... ளை... யா... டி... க்...' என்று வரும்போதே முதல் எழுத்து மறந்துபோகும். பிறகு நம் முகத்தைப் பார்க்கும். நாம் என்ன சொல்வோம்? "எழுத்துக் கூட்டிப் படிடா!"

அது ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதில்தான் சிக்கலே.

எழுத்து தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எழுத்துக்கும் வாசிப்புக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது: நீளமான சொல்லை உடைத்து, ஒட்டி, பொருளோடு சொல்கிற படி. பெரும்பாலான வீடுகளிலும் பல வகுப்பறைகளிலும் அதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு?

எண்கள் என்ன சொல்கின்றன?

'பிரதம்' அமைப்பு நடத்தும் 'ஏசர்' ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிப்படியாகப் போகும் தாள் அது.

இந்திய அளவில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-ல் 20.9 சதவிகிதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 16.3. 2024-ல் 23.4. மீண்டுவிட்டோம் என்று மகிழ்ச்சியடையலாம். தப்பில்லை. ஆனால், நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் இன்னும் அந்தக் கதையைப் படிக்க முடியவில்லை என்பதும் இதே எண்தான்.

ஐந்தாம் வகுப்பில்? 2024-ல் அரசுப் பள்ளிகளில் 44.8 சதவிகிதம். அதாவது, தொடக்கப்பள்ளியை முடிக்கப் போகிறவர்களில் பாதிக்கு மேல், மூன்று வருடம் முன்பே படித்திருக்க வேண்டிய கதையில் தடுமாறுகிறார்கள்.

தமிழக அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும். பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் திறனால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை. பிறகு 'வாசிப்பு இயக்கம்' வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் 'நட'விலிருந்து 'ஓடு'வுக்குப் போகிற இடத்தில்தான் நீளமான சொற்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.

தமிழ் ஏன் இங்கே கொஞ்சம் கூடுதல் கஷ்டம்?

"தமிழ் ஈஸிதானே? எழுதுற மாதிரியே படிக்கலாம்!" என்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒட்டு. ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக வைப்பதைத் தமிழ் ஒரே சொல்லின் வாலில் கோத்துவிடும். பள்ளி, பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்துதான்... ரயில் பெட்டி மாதிரி சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, பெட்டிகள் சேருமிடத்தில் உருவமும் மாறும். 'இல்' என்பதோடு 'இருந்து' சேர்ந்தால் 'இலிருந்து'. 'இருந்து' என்ற சொல்லைத் தனியாகப் பார்த்தால் உடனே சொல்லிவிடும் பிள்ளைக்கு, அதன் 'இ' காணாமல் போய் 'லி' ஆகி நிற்கும்போது அடையாளம் தெரிவதில்லை. தெரிந்த மனிதர் மாறுவேடத்தில் வந்த கதைதான்.

இரண்டாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் நாம் 'விளையாடிட்டிருந்தாங்க' என்கிறோம். புத்தகம் 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்கிறது. ஒரு சொல்லைப் பாதி படித்ததும் மீதியை நம் காது நிரப்பிக்கொடுக்கும். நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பதும் அப்படித்தான். ஆனால், காதில் ஒருமுறைகூட விழாத சொல்லை எந்தக் காது நிரப்பும்? கதை படித்துக் காட்ட ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையில் விழும் பள்ளம் இதுதான். அறிவில் வந்த வித்தியாசம் அல்ல, காதில் விழுந்ததில் வந்த வித்தியாசம்.

மூன்றாவது, ஒலி. 'கடல்', 'பகல்', 'தங்கம்', 'பக்கம்'. நான்கிலும் 'க' இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரியா ஒலிக்கின்றன? சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சின்னச் சொல்லில் பிள்ளை இதைச் சமாளித்துவிடும். 14 எழுத்துச் சொல்லில் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்திச் சொன்னால், கடைசியில் காதில் விழுவது அதற்கே தெரியாத ஏதோ ஒரு பாஷையாக இருக்கும்.

எழுத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நெடுங்கணக்கில் 247. கன்னடம் வாசிக்கக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படியான எழுத்துமுறைகளில் எழுத்துகளைக் கற்பதே முதல் வருடத்தோடு முடிவதில்லை, தொடக்கப்பள்ளி ஆண்டுகள் நெடுக நீள்கிறது என்று காட்டியது. நாமோ முதல் வகுப்பு முடிந்ததும் 'எழுத்து முடிஞ்சுது' என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

நிமிடத்துக்கு 60 சொல்: யாருடைய சொல்?

மத்திய அரசின் 'நிபுண் பாரத்' திட்டம் 2021 ஜூலையில் வந்தது. அதில் ஓர் இலக்கு உண்டு. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்ற வேகத்தில், பொருள் புரிந்து படிக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'குழந்தைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.' தமிழில் இது மூன்று சொல், 27 எழுத்து. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு சொல் வரும். ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் படித்து முடித்த இரண்டு பிள்ளைகளில், ஆங்கிலப் பிள்ளையின் கணக்கில் ஏழும் தமிழ்ப் பிள்ளையின் கணக்கில் மூன்றும் ஏறும். அப்படியானால் யார் 'மெதுவாகப் படிக்கிற' பிள்ளை?

மத்திய கல்வித் துறையே 2022-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் அடிப்படைக் கற்றல் ஆய்வு நடத்தியபோது, மொழிக்கு மொழி தனித்தனி அளவுகோல்தான் வைத்தது. அதுதான் நியாயம். பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' என்று மதிப்பெண் போட்டால், 'எந்தப் பத்தி, எவ்வளவு நீளச் சொற்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

பத்தாம் வகுப்புச் சாவி, மூன்றாம் வகுப்புப் பூட்டு

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. நீளமான சொல்லை உடைக்கும் கருவி நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்த மொழி இலக்கணம் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது.

ஓசையால் உடைக்க 'அசை' இருக்கிறது. பொருளால் உடைக்க 'பகுபதம்' இருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஒரு சொல்லின் ஆறு உறுப்புகளையும் நன்னூல் பிரித்து வைத்துவிட்டது. ஆனால் நம் பள்ளிகளில் இவை எப்போது வருகின்றன? உயர்நிலை வகுப்பில், இரண்டு மதிப்பெண் கேள்வியாக. 'பிரித்து எழுதுக' சின்ன வகுப்பிலேயே வருகிறதே என்பீர்கள். வருகிறது, பாடம் முடிந்த பிறகு, பயிற்சிப் பகுதியில். விடையை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள். 'பாடத்துல இருக்குற பெரிய வார்த்தையைப் படிக்கிறதுக்குத்தான் இந்தப் பிரிக்கிற வேலையே' என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கே இந்த உதவி தேவைப்பட்டிருக்கிறது. ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் பாதி, சொல்லைப் பிரிப்பதில்தான். 1950-களில் மர்ரே எஸ்.ராஜம், பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாகக் கொண்டுவந்தார். சாதாரண வாசகரும் படிக்க முடிந்தது. பண்டிதர் அல்லாத பெரியவருக்குச் செய்த அந்த உதவியை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் செய்யலாம்தானே?

இன்றைய பாடநூலிலும் இதைச் செய்யலாம். பாடம் தொடங்கும் முன், அதில் வரும் ஐந்து நீளமான சொற்களைப் பிரித்துக் காட்டும் ஒரு சின்னக் கட்டம். அவ்வளவுதான். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

உலகம் எங்கே வந்திருக்கிறது?

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் அல்ல. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம், நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாசிப்பில் பின்தங்கியவர்களுக்காக 2022-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் முதல் பரிந்துரையே, பல அசைகள் கொண்ட சிக்கலான சொற்களைப் படிக்கும் திறனை வளர்ப்பதுதான். ஒன்பதாம் வகுப்பு வரை! 'சின்னப் பிள்ளையில வரலைன்னா அவ்ளோதான்' என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது என்பதற்கு அங்கே ஏகப்பட்ட விதிகள் சொல்லித் தருவார்கள். டெவின் கெர்ன்ஸ் என்ற ஆய்வாளர் 2020-ல் ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்து அந்த விதிகளைச் சோதித்தார். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் ஒரே ஒரு மெய் வரும் இடத்தில், விதி அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. சொல் நீள நீள இன்னும் மோசம். ஆகவே விதியை ஒப்பிக்க வைப்பதைவிட, 'ஒரு மாதிரி உடைச்சுச் சொல்லிப் பாரு, தெரிஞ்ச சொல் மாதிரி கேக்கலைன்னா ஒலியைக் கொஞ்சம் மாத்திப் பாரு' என்று பழக்குவது பயன் தரும்.

உங்கள் பிள்ளை ஆங்கில வழியில் படித்தாலும் இது பொருந்தும். 'இன்ஃபர்மேஷன்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இன்-ஃபர்-மே-ஷன். நான்கு துண்டு. கடைசித் துண்டில் 'டி, ஐ, ஓ, என்' என்ற நான்கு எழுத்தும் சேர்ந்து 'ஷன்' என்று ஒலிக்கும் என்று ஒருமுறை பிடிபட்டால், ஸ்டேஷன், நேஷன், எஜுகேஷன் என்று ஒரு கூட்டமே கைக்குள் வந்துவிடும்.

வீட்டில் பத்து நிமிடம் போதும்

நீங்கள் தமிழாசிரியராக இருக்கத் தேவையில்லை. பாடப்புத்தகமும் ஒரு துண்டு அட்டையும் போதும்.

1. முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'படம்', 'வீடு' போல ஐந்து சின்னச் சொல். 'பட்டம்', 'சங்கு', 'பார்த்தான்' போல ஒற்று வரும் ஐந்து சொல். பிறகு ஐந்து நீளமான சொல். முதல் வரிசையிலேயே நின்றால் எழுத்தில் சிக்கல். இரண்டாவதில் நின்றால் ஒற்றில். மூன்றாவதில்தான் நின்றால், கீழே சொல்வது உங்களுக்காகவே. மனப்பாடமாக ஒப்பிக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், பாடத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

2. புள்ளி விதி. தமிழில் துண்டு போட ஒரே ஒரு எளிய விதி: 'புள்ளி வெச்ச எழுத்து தனியா நிக்காது, முன்னாடி இருக்குற எழுத்தோட ஒட்டிக்கும்.' பள்-ளிக்-கூ-டத்-தி-லி-ருந்-து. எந்தத் துண்டும் புள்ளி எழுத்தில் தொடங்காது. பென்சிலால் சின்னக் கோடு போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைதட்டு. 12 எழுத்தாக இருந்த சுமை எட்டுத் துண்டாகக் குறைந்துவிடும்.

3. அட்டையால் மூடித் திறங்கள். முழுச் சொல்லையும் காட்டாதீர்கள். 'பள்ளி' மட்டும். பிறகு 'பள்ளிக்கூட'. பிறகு 'பள்ளிக்கூடத்தில்'. கடைசியாக முழுசாக. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே சொல்லச் சொல்லுங்கள். முன்பகுதி மறக்காது.

4. வாரம் ஒரு வால். -கள், -இல், -உக்கு, -ஓடு, -இலிருந்து, -கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வால். பாடத்தில் அந்த வால் எங்கெல்லாம் வருகிறது என்று வட்டம் போடும் விளையாட்டு. 'கொண்டிருந்தார்கள்' என்பதை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகிவிட்டால், ஓடிக்கொண்டிருந்தார்கள், பாடிக்கொண்டிருந்தார்கள் எல்லாம் ஒரே நாளில் சின்னச் சொற்களாகிவிடும்.

5. வாக்கியத்துக்குத் திரும்புங்கள். துண்டு போட்டதோடு நிறுத்தினால் அது வெறும் ஓசை. ஓசையைப் பார்த்து வெட்டும்போது பொருள் உடைந்துபோவதுண்டு. செய்யுளில் அப்படி உடைவதற்கு 'வகையுளி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் கடைசியில் முழுச் சொல்லை வேகமாக ஒருமுறை, பிறகு வாக்கியத்தோடு ஒருமுறை. "இதை நம்ம வீட்ல எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்கள். "விளையாடிட்டிருந்தாங்க!" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

6. நீங்கள் படித்துக் காட்டுங்கள். தினமும் ஒரு பக்கம் போதும். எழுத்துத் தமிழ் காதில் விழ வேண்டும். உங்களுக்கு வாசிக்க வராது என்றால், வீட்டில் இருக்கும் அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ போதும். வானொலிச் செய்தியும் எழுத்துத் தமிழ்தான்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. முதல் எழுத்தைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ ஊகித்துச் சொல்லும்போது 'சூப்பர்' என்று தட்டிக்கொடுக்காதீர்கள். 'ஓடினார்கள்' என்று இருப்பதை 'ஓடினான்' என்று படித்தால், திட்டாமல், வாலை மட்டும் விரலால் காட்டுங்கள். நான்காம் வகுப்பில் படங்கள் குறையும்போது ஊகமும் கைவிட்டுவிடும்.

வகுப்பறைக்குள் என்ன முடியும்?

"இதையெல்லாம் டீச்சர் செய்யணும்தானே?" செய்யணும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் மூன்று வகுப்பைப் பார்க்கும் அறையில், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சொல்லையும் எங்கே உடைக்கிறது என்று கேட்க நேரம் எங்கே? பதிவேடு, செயலி, கணக்கெடுப்பு வேலை வேறு.

அதனால்தான் இதைத் தனித்தனி ஆசிரியரின் திறமைக்கு விட்டுவிடக் கூடாது. 'மொட்டு'க்கும் 'மலரு'க்கும் நடுவில் நீளச் சொல்லுக்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும். பாடநூலில் முன்கட்டம் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில், இலக்கணமாக மட்டும் சொல்லித்தரப்படும் சொற்பகுப்பை வாசிப்புக் கருவியாகச் சொல்லித்தர வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'கடையில் இருந்த 240 மாம்பழங்களில் 85 மாம்பழங்கள் விற்கப்பட்டுவிட்டன எனில், எஞ்சியிருப்பவை எத்தனை?' கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு 'விற்கப்பட்டுவிட்டன' தெரியவில்லை. கணக்கில் பூஜ்யம் விழும். அடுத்து அறிவியல், அடுத்து சமூக அறிவியல். எல்லாப் பாடத்திலும் தோற்றதாகப் பதிவாகும், உண்மையில் அது தோற்றது ஒரே இடத்தில்தான். பிறகு 'இவனுக்குப் படிப்பு ஏறலை' என்று வீட்டில் முடிவு செய்வார்கள், பிள்ளையும் அதை நம்பத் தொடங்கும். எட்டு வயதில் நம்பியதை மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்று மாலை பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். இந்த வாரப் பாடத்தில் ஆக நீளமான ஐந்து சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அது திணறினால் 'எழுத்துக் கூட்டிப் படி' என்று சொல்லாதீர்கள். "முதல் துண்டு எது?" என்று கேளுங்கள்.